மேட்டூர் ஷட்டரும் கேமரா ஷட்டரும்: டெல்டாவில் காட்டுயிர்ப் படம் எடுக்க

காட்டுயிர் ஆவணப்படம் என்றதும் முதுமலை, வால்பாறை என்றுதான் மனசு போகும். டெல்டாவில் எடுக்கப் போகிறோம் என்றால், "அங்க என்ன இருக்கு, வயலும் வாய்க்காலும்தானே" என்பார்கள். அந்த வயலும் வாய்க்காலும்தான் இங்கே வாழிடம். ஆகவே இங்கே படப்பிடிப்பு அட்டவணை போடுகிறவர் பறவைப் புத்தகத்தைத் திறக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. மேட்டூர் எப்போது திறக்கிறது, எந்த ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், எந்தக் கிராமத்தில் குறுவை, எங்கே ஒருபோகச் சம்பா என்பதைப் நீர்வளத்துறை லஸ்கரிடமோ (மதகு திறந்து மூடும் ஊழியர்) வயல்காரரிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்கமான திறப்பு ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அணையில் இருப்பு இல்லாத வருஷம் இது தள்ளிப்போகும், உங்கள் அட்டவணையும் கூடவே தள்ளிப்போகும். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும். வறண்ட வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக ஊர்ந்து வரும்போது, அதற்கு முன்னால் ஓடும் பூச்சிகளைப் பிடிக்க மடையானும் மைனாவும் வரிசை கட்டும். வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கும் காட்சி இது. ஆனால் பெரும்பாலான படங்களில் இது இருப்பதில்லை. காரணம் எளிது: படக்குழு வருவது டிசம்பரில்.

அடுத்தது சேறடிப்பு. டிராக்டர் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டு வயலுக்குள் இறங்கினால் பத்து நிமிஷத்தில் கொக்கு கூடிவிடும். உண்ணிக்கொக்கும் சின்னக் கொக்கும் சக்கரத்துக்குப் பின்னாலேயே போகும், அரிவாள் மூக்கன் கொஞ்சம் தள்ளி நின்று ஆறிய சேற்றைக் கிளறும். டிராக்டரோடு நடந்து எடுக்கப் பார்த்தால் முழங்கால் வரை சேறுதான் மிச்சம். டிரைவரிடம் எந்த மூலையில் தொடங்கி எப்படிச் சுற்றுவார் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, வண்டி திரும்பும் வரப்பு மூலையில், வெயில் உங்கள் முதுகில் விழும்படி உட்காருங்கள். வண்டி திரும்பும்போது வேகம் குறையும். பறவைகள் எழும்பி மறுபடி இறங்குவதும் அங்கேதான். டிராக்டரை ஃபிரேமில் இருந்து வெட்டி எறிந்துவிட்டு வெறும் கொக்கை மட்டும் காட்டுவது எனக்கு ஏமாற்று வேலையாகத்தான் படுகிறது. மின்கம்பியும் அப்படித்தான். பனங்காடை உட்காருவதே கம்பியில், அதற்கு மரக்கிளை தேடி அலைவானேன்?

நத்தைக்குத்தி நாரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டெல்டாவின் படம் என்றால் நாயகன் அதுதான். உதயமார்த்தாண்டபுரம் ஏரியில் அது பெருங்கூட்டமாக இருக்கும், வயல்களிலும் சர்வ சாதாரணம். மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே தெரியும் இடைவெளியை வைத்து, பாக்குவெட்டி போல நத்தையை நசுக்கித் தின்கிறது என்று பல படங்களில் வர்ணனை சொல்லிவிடுகிறார்கள். அது அப்படித் தின்பதில்லை. நத்தையை மேல் அலகால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் கூரான நுனியை ஓட்டின் மூடிக்கு அடியில் செருகி, உடம்பை ஓட்டோடு கட்டிவைத்திருக்கும் தசையை அறுத்துவிடும். பிறகு சதையை மட்டும் உருவி விழுங்கும். ஓடு பெரும்பாலும் உடையாமல் கிடக்கும். வரப்போரம் நாரை மேய்ந்த இடத்தில் முழுசாகக் கிடக்கும் காலி நத்தை ஓடுகளை மேக்ரோ லென்ஸில் ஒரு ஷாட் எடுத்துவிட்டால் வர்ணனையே தேவைப்படாது. இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பார்ப்பவருக்குப் புரியும்.

எடுப்பதில் சிக்கல் என்னவென்றால், இந்த அறுவை பாதி நேரம் கலங்கல் தண்ணீருக்குள் நடக்கிறது. நாற்று நட்டுப் பச்சை பிடித்த வயலில் தண்ணீர் நாலு விரல் ஆழம் இருக்கும் நாளாகப் பாருங்கள். அதற்கு மேல் நின்றால் அலகு தெரியாது, பயிர் முழங்கால் உயரம் வந்துவிட்டால் பறவையே தெரியாது. கேமரா தரைமட்டத்தில் இருக்க வேண்டும். வரப்பின் மேல் பீன்பேக் வைத்து 500 மி.மீ. அல்லது 600 மி.மீ. லென்ஸ், விநாடிக்கு 100 ஃபிரேம். பீன்பேக்குக்கு நெல் உமி போதும், லேசாக இருக்கும். மணல் போட்டால் தூக்க முடியாது, அரிசி போட்டால் நனைந்ததும் ஊறி நாறும்.

வெளிச்சக் கணக்கு ஒன்று. விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும் சாதாரண ஷாட்டுக்கு ஷட்டர் 1/50. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்தால் எஃப் 16-க்கு 1/100 என்பது பழைய கணக்கு. எஃப் 5.6-க்கு இறங்கினால் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூடும், 1/50 ஆக்கினால் இன்னொன்று. ஆக நாலு ஸ்டாப், அதைக் குறைக்க என்டி 16 ஃபில்டர். லாக் (பிறகு நிறம் சரிசெய்ய வசதியாக எடுக்கும் முறை) ஐஎஸ்ஓ 800-இல் தொடங்கும் கேமராவாக இருந்தால் மேலும் மூன்று ஸ்டாப், என்டி 128 தேவை. விலை குறைந்த வேரியபிள் என்டி-யை டெலி லென்ஸில் மாட்டினால் படம் மங்கும். நல்ல ஃபில்டர் வாங்கப் பணம் இல்லையென்றால், ஷட்டரை ஏற்றிவிடுங்கள். நாரை நடப்பதற்கு 1/200 வைத்தாலும் யாருக்கும் தெரியாது. பறக்கும்போதுதான் இறகு வெட்டி வெட்டித் தெரியும்.

மதகுகளை விடாதீர்கள். ஷட்டர் பாதி இறக்கிய மதகுக்குக் கீழே மீன் திணறி மேலே வரும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அதன் நேர்மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும், ஒரே கோட்டில் பாயும். ஃபோகஸை அந்த உயரத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஏரிகளின் முறை வரும். வடுவூர், கரைவெட்டி, உதயமார்த்தாண்டபுரம் மூன்றுமே பாசனத்துக்காக மனிதர்கள் உண்டாக்கிய ஏரிகள், மூன்றும் இன்று உலக முக்கியத்துவம் உள்ளவை என்று ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலங்கள் (வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022, கரைவெட்டி 2024). வலசை வாத்துகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி. ஏரிக்கரையில் நின்று எடுத்தால் எல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். பறவை எந்தப் பக்கம் இரவு அடைகிறது, விடிகாலையில் எந்த வயலுக்குப் போகிறது என்று இரண்டு மூன்று நாள் கேமரா இல்லாமல் பார்த்து, அந்தப் பாதையில் மறைவிடம் போடுவதே வழி.

மறைவிடத்துக்கு ராணுவத் துணி வாங்க வேண்டாம். பம்பு செட் கொட்டகையும் காவல் குடிசையும் பார்த்துப் பழகிய பறவைகள் இவை. தென்னங்கீற்றுத் தட்டி நாலு, உள்ளே நாற்றங்காலுக்குப் போடும் பச்சை ஷேட் நெட் ஒரு சுற்று, போதும். முதல் நாள் 100 மீட்டர் தள்ளி நட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். உள்ளே போகும்போது இரண்டு பேராகப் போய் ஒருவர் வெளியே வந்து நடந்து போய்விட்டால், பெரும்பாலான நீர்ப்பறவைகள் ஆள் போய்விட்டான் என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஆள்காட்டிக் குருவி கிட்டே இருந்தால் இந்த வித்தையெல்லாம் வீண், அது கத்தி ஊரையே எழுப்பிவிடும். அதைச் சீண்டாமல் வேறு வரப்பு வழியாகச் சுற்றிப் போங்கள்.

கூட்டுக்கு மட்டும் இந்த நகர்த்தல் கூடாது. குறிப்பாகக் கோடையில் தரிசில் முட்டையிடும் ஆள்காட்டிக்கு. வெறும் மண்கட்டிகளுக்கு நடுவே மூன்று நாலு முட்டை. ஏப்ரல் மத்தியான வெயிலில் அது அடைகாப்பது சூடேற்ற அல்ல, சூடு தணிக்க. தாயும் தந்தையும் மாறி மாறிப் போய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும். நீங்கள் கிட்டே நின்றதால் பறவை அரைமணி நேரம் எழுந்து நின்றால் முட்டை வெந்துவிடும். வெயில் ஏறும் முன்னே, தூரத்தில் வண்டிக்குள்ளிருந்தே எடுங்கள். பறவை பத்து நிமிஷத்தில் திரும்பி உட்காரவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். நனைந்த வயிறு சொட்டச் சொட்ட நடந்து வந்து முட்டைமேல் அமரும் அந்த ஷாட் 600 மி.மீ. லென்ஸில் தாராளமாகக் கிடைக்கும்.

இனி கோடியக்கரை. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, வேதாரண்யம் சதுப்புநிலமும் சேர்த்து 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இங்கே கேமராவோடு நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். சுற்றுலா டிக்கெட்டும் படப்பிடிப்பு அனுமதியும் வேறு வேறு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 28-ஆவது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் தருவது அது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவு திரைப்படம் எடுப்பதையும் சேர்த்தே சொல்கிறது: வாழிடத்தில் மாற்றம் செய்யாமல், பாதிப்பு உண்டாக்காமல். ஷாட்டுக்காக ஒரு கிளையை ஒடித்தாலும் அது மாற்றம்தான். விண்ணப்பத்தில் ஆட்கள், வண்டி எண், கருவிகள், தேதிகள், இரவு வேலை உண்டா இல்லையா எல்லாம் தனித்தனியாக எழுதுங்கள். "மாலை வரை" என்று வாங்கிய அனுமதியில் ராத்திரி கரையேறும் ஆமையை எடுக்க முடியாது. டிரோனைப் பையில் வைத்துக்கொண்டு போய் அங்கே கேட்டுப் பார்க்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். டிரோனைப் பார்த்தால் பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பும். அந்தக் காட்சி திரையில் அழகாக இருக்கும், ஆனால் அது மிரண்டு ஓடும் காட்சி.

வெளிமானுக்கு விடிகாலை ஆறு முதல் எட்டரை வரை, மாலை நாலுக்குப் பிறகு. ஆண் மான் தன் எல்லையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவிக்கும். அந்தக் குவியலைக் கண்டுவிட்டால் மான் எங்கே வரும் என்று தேட வேண்டியதில்லை. கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பியைக் குச்சி நுனியில் தேய்த்து அடையாளம் வைப்பதும் அங்கேயே கிடைக்கும். வண்டியை விட்டு இறங்கினால் கூட்டம் அடுத்த கோடிக்குப் போய்விடும். ஜன்னலில் பீன்பேக், எஞ்சின் ஆஃப். ஓடும் எஞ்சினின் அதிர்வு 600 மி.மீ. லென்ஸில் நடுக்கமாகத் தெரியும். புல்வெளியைச் சீமைக்கருவேலம் விழுங்கிக்கொண்டிருப்பதும், காட்டில் விடப்பட்டுப் பெருகிய குதிரைகள் அதே புல்லை மேய்வதும் ஒரே ஃபிரேமில் கிடைத்தால் எடுத்து வையுங்கள். படத்துக்கு அதுதான் கதை.

காலை ஒன்பதைத் தாண்டினால் கானல். சதுப்பின் தரை சூடாகி அதன்மேல் உள்ள காற்று அலையத் தொடங்கும். 200 மீட்டர் தள்ளி நிற்கும் பூநாரையின் கால் நூடுல்ஸ் ஆகும். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. ஷட்டரை ஏற்றினாலும், 4கே-க்குப் பதில் 8கே எடுத்தாலும், எடிட்டிங்கில் ஷார்ப்னஸ் கூட்டினாலும் இது போகாது. கெட்டது லென்ஸுக்கும் பறவைக்கும் நடுவில் உள்ள காற்று. தூரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது மேகம் மூடிய நாளில் எடுக்க வேண்டும், அல்லது அந்த நேரத்தை வைடு ஷாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் ஒதுக்கிவிட வேண்டும். முனியப்பன் ஏரிப் பக்கம் உள்ளான்களை எடுப்பதற்கும் இதே விதிதான்.

சதுப்புச் சேற்றில் டிரைபாட் கால் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போகும், ஷாட் முடிந்து பார்த்தால் அடிவானம் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சாண் சதுரப் பிளைவுட் துண்டு வையுங்கள். முத்துப்பேட்டையில் டிரைபாட் பேச்சே இல்லை. ஜாம்பவானோடையில் படகேறிக் கோரையாறு வழியாக லகூனுக்குப் போகும்போது கையில் பிடித்தே எடுக்க வேண்டும். படகுத் தளத்தில் டிரைபாடை ஊன்றினால் எஞ்சின் அதிர்வு நேராக லென்ஸுக்கு ஏறும். அலையாத்தி நெருங்கும் வாய்க்காலில் எஞ்சினை நிறுத்திக் கம்பு ஊன்றித் தள்ளச் சொல்லுங்கள், மீன்கொத்தியும் குருட்டுக்கொக்கும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ராத்திரி வேலை இரண்டு: பங்குனி ஆமையும் நீர்நாயும்.

பங்குனி ஆமை ஜனவரி முதல் மார்ச் வரை கரையேறும். ஏறத்தாழ நூறு முட்டை, பொரிய 45 முதல் 55 நாள். முட்டையைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப்போவது வனத்துறை ஆட்களின் வேலை, நீங்கள் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். தாய் ஆமை கடலிலிருந்து ஏறி வரும்போதும் குழி தோண்டும்போதும் வெளிச்சமோ நடமாட்டமோ பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கிய பிறகு, பின்பக்கமாக மட்டும், மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் போகலாம். எஃப் 1.4 அல்லது 1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ 12800, ஷட்டர் 1/25. நிலா இருந்தால் சிவப்பு விளக்கும் வேண்டாம். குஞ்சுகள் பிரகாசமான பக்கம் நோக்கிப் போகும், அதனால்தான் செல்போன் டார்ச் அடித்தால் கடலை விட்டுவிட்டு உங்கள் காலைத் தேடி வரும். நிலப்பக்கம் நில்லுங்கள், குஞ்சுகள் போகும் வழியில் நடக்காதீர்கள். ஒரு காலடிப் பள்ளத்தில் விழுந்து ஏற முடியாமல் தவித்தாலே நண்டுக்கு இரை.

கொள்ளிடத்தில் நீர்நாய் எடுக்கக் கேமரா டிராப் (விலங்கு வந்தால் தானாகப் படம் எடுக்கும் பொறி) தவிர வேறு வழி பொறுமைதான். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்தப் பொறி அசைவைப் பார்ப்பதில்லை, சுற்றுப்புறத்தைவிடச் சூடான உடம்பு நகர்வதைப் பார்க்கிறது. நீர்நாய் தண்ணீரிலிருந்து ஏறியதும் அதன் ரோமத்தின் மேற்பரப்பு குளிர்ந்திருக்கும். மே மாதத்தில் மணலும் ராத்திரி முழுக்கச் சூடாகவே கிடக்கும். வித்தியாசம் தெரியாமல் பொறி தூங்கிவிடும். கரையேறும் இடத்தில் வைக்காமல், அவை எச்சமிட்டு மணலில் புரண்டு உலரும் மேட்டில் வையுங்கள். மீன் செதிலும் முள்ளும் கலந்த எச்சம் குவிந்து நாறும், இடம் தப்பாது. உயரம் முழங்காலுக்குக் கீழே, தூரம் மூன்று மீட்டர், வடக்கு பார்த்து. கிழக்கோ மேற்கோ பார்த்தால் காலை மாலை வெயில் நேரே விழுந்து கார்டு முழுக்க வெற்றுப் படம். எதிரே நாணல் இருந்தால், வெயிலில் சூடேறிய தாள் காற்றில் ஆடிப் பேட்டரியைத் தீர்த்துவிடும், ஆகவே நாணல் இல்லாத இடமாகத் தேடுங்கள். 940 நானோமீட்டர் அகச்சிவப்பு வாங்குங்கள். 850-இல் மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும், விலங்கும் பார்க்கும், திருடனும் பார்ப்பான். அணைக்கரைப் பக்கம் முதலை உண்டு, தண்ணீர் விளிம்பில் படுத்து எடுக்கும் ஆசையை அங்கே விட்டுவிடுங்கள்.

ஒலியை இங்கே யாரும் மதிப்பதில்லை. வலசைப் பறவை சீசனும் மார்கழியும் ஒன்றாக வருவதால் விடிகாலை நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும், வெளிச்சம் வரும்வரை ஓடும். அதோடு பம்பு செட். கோயில் இல்லாத பக்கமாக ஒரு கிலோமீட்டர் உள்ளே போய்த் தனியாக ஒலிப்பதிவு செய்து வையுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒவ்வொரு இடத்திலும் பேசாமல் மூன்று நிமிஷம். கோடியக்கரைக் கடல்காற்றுக்கு மைக்கோடு வரும் ஸ்பாஞ்சு போதாது, ரோம உறை வேண்டும். பாட்டு கேட்கிற பதிவையும் அழிக்காதீர்கள், டெல்டாவின் விடியலுக்கு அதுவும் ஒலிதான்.

கருவிக்கு எதிரி உப்பும் ஈரமும். வேதாரண்யம் உப்பளக் காற்றில் ஒரு நாள் நின்ற கேமராவை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பை ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணி. லென்ஸின் முன்கண்ணாடிக்கு முதலில் புளோயர். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் உள்ளே வேர்க்கும். பையைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் வராண்டாவில் வைத்துவிட்டு எடுங்கள். திரும்பி வந்ததும் மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு பூட்டுங்கள், ஈரம் 40-50 சதவீதத்தில் நிற்கட்டும், சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று உள்ளேயே கிடக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கித் திரும்பப் போடலாம். அரிசிப் பானையில் லென்ஸ் வைக்கும் வைத்தியத்தால் தவிடுதான் உள்ளே போகும்.

100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. நாளைக்கு மூன்று மணி நேரப் பதிவென்றால் 135 ஜிபி, இரண்டு பிரதி என்றால் இரட்டிப்பு. மழைக்காலத்தில் மின்சாரம் போய்விடும் என்பதால் லாட்ஜுக்கு வந்ததும் முதல் வேலை பிரதி எடுப்பது, சாப்பாடு பிறகு.

கடைசியாக வர்ணனை. எழுத்தாளர் சென்னையில் உட்கார்ந்து எழுதும்போது ஊர்ப்பேச்சு உண்மையாகிவிடும். வரப்பில் இரண்டு பாம்பு பின்னி எழுந்தால் "சாரையும் நல்லபாம்பும் பிணைகின்றன" என்று எழுதிவிடுவார்கள். இரண்டுமே ஆண் சாரைகள், நடப்பது மல்யுத்தம்: ஒன்றின் தலையை மற்றது தரையில் அழுத்தப் பார்க்கும். உண்மையில் இணை சேரும்போது தரையோடு தரையாகக் கிடக்கும், இவ்வளவு ஆர்ப்பாட்டம் இருக்காது. தூக்கணாங்குருவி கூட்டில் மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கிறது என்பதும் அந்த ரகம். ஈரமண்ணை உள்ளே அப்புவது உண்மை, விளக்குக்கு ஆதாரம் இல்லை. அதைவிட நல்ல கதை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆண் குருவி பாதிக் கூட்டை, தலைக்கவசம் போன்ற நிலை வரை கட்டி நிறுத்திவிட்டு, இறக்கையடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து உள்ளே பார்த்துப் பிடித்தால்தான் குழாய் நீளும், பிடிக்காத கூடு அப்படியே தொங்கும். முழுக் கூட்டுக்கு ஏறத்தாழ 18 நாள், அதில் தலைக்கவச நிலை வரை எட்டு நாள். கிணற்றுமேல் சாய்ந்த மரத்தில் கூடு தொடங்கிய நாளைக் குறித்துக்கொண்டு ஏழாம் நாளிலிருந்து தினமும் காலையில் கேமராவோடு போங்கள், பெண் வந்து பார்ப்பது அப்போதுதான். நாரைக் குடியிருப்பையோ நீர்நாய் மேட்டையோ எடுத்த கோப்புகளில் ஜிபிஎஸ் தகவல் இருந்தால் இணையத்தில் ஏற்றுமுன் நீக்கிவிடுங்கள், தலைப்பில் ஆற்றின் பெயர் போதும், ஊர்ப் பெயர் வேண்டாம்.